சாவி கொடுக்காத ஏப்ரல்

ஏப்ரல் 6, 1947. ஞாயிறு

காலை எட்டு மணிக்கே மண் சுடுகிறது. கண்மாய் வறண்டுவிட்டது. ஊற்றில் ஒரு குடம் நிரப்ப அம்மாவுக்குப் பாதிக் காலை போய்விடுகிறது.

இன்று செய்ய வேண்டியது:
மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு திருத்த.
கரும்பலகைக்குக் கரியும் ஊமத்தை இலையும் அரைத்துப் பூச.
மண்ணெண்ணெய் எப்போது வரும் என்று கேட்க.
அருப்புக்கோட்டையில் சங்கக் கூட்டம்.

நடந்தது கடைசி மட்டும். அதையும் நடந்தது என்று எழுத வெட்கம்.

கரியில் ஓடும் பஸ் ஏற்றத்தில் நின்றுபோனது. இறங்கித் தள்ளினோம். "பொம்பளையாளு தள்ள வேணாம்மா" என்றார் கண்டக்டர். தள்ளினேன். கூட்டத்துக்கு நேரமாகிறதே.

கூட்டம் ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில். வந்தவர்கள் எல்லாரும் என்னைப்போல ஒற்றை வாத்தியார் பள்ளி. எல்லாரும் டெம்பரவரி. யுத்தம் ஆரம்பித்த வருஷம் வேலையில் சேர்ந்தேன். யுத்தமே முடிந்துவிட்டது, நான் இன்னும் டெம்பரவரி. ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடச் சாவியை ஒப்படைத்துவிட்டால் வேலை போயிற்று. ஜூனில் வெற்றிலைத் தட்டோடு போர்டு மெம்பர் வாசலில் நின்றால் மறுபடி சாவி, மறுபடி புதிதாகச் சேர்ந்தவருக்கு உள்ள சம்பளம். கோடை மாதத்துக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

செயலாளர் பொன்னையா சார் (பந்தல்குடி, மூக்குப்பொடி, வெண்கலக் குரல்) கோரிக்கைகளை வாசித்தார். வேலை நிரந்தரம். லீவு மாதச் சம்பளம். பஞ்சப்படி. சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்று சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் நிழல். டெபுடி இன்ஸ்பெக்டர். (இனி டெ.இ. அவருக்கு இவ்வளவு மை போதும்.) யாரோ ஊதிவிட்டிருக்கிறார்கள்.

அவ்வளவுதான். அத்தனை பேரும் எழுந்து நின்றோம். கை கூப்பினோம். பிள்ளைகள் பாடுகிற அதே ராகத்தில், ஒரே குரலில்: "வணக்கம் ஐயா!"

"உக்காருங்க" என்றார். உட்கார்ந்தோம்.

"என்ன கூட்டம்?" என்றார். பின்வரிசையிலிருந்து நரிக்குடி சங்கரலிங்கம் சார் மெல்ல, "பஜனைங்கய்யா" என்றார்.

தூ! நானும்தான் எழுந்தேன். என்னையும் சேர்த்துத்தான் தூ.

ஏப்ரல் 8

கோபம் ஆறவில்லை. ஒன்றாம் வகுப்பு வள்ளி "ஏன் டீச்சர் இன்னைக்கு உர்ருன்னு இருக்கீக?" என்று கேட்டாள். அவளுக்கு ஒரு புளியங்காய் கொடுத்துச் சமாதானம்.

அம்மா மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தை ஒட்டிய இந்த ஒற்றை அறை ஊர்க்காரர்கள் வாத்தியாருக்குக் கொடுத்தது. சாவி போனால் அறையும் போகும். கோடைக்குப் பாளையம்பட்டியில் சின்னம்மா வீடு. போன வருஷம் உத்தரவு வர ஆடி ஆகிவிட்டது. சின்னம்மா சோறு போடும்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் போட்டாள். அது போதாதா.

சிவப்புக் கோழி குஞ்சு பொரிக்கும் ஆசையில் அடைக்கு நிற்கிறது. அம்மா அதைப் பிடித்துத் தண்ணீரில் முக்கினாள், மூக்கில் அதன் இறகையே செருகிவிட்டாள், அடை தெளியட்டும் என்று. வருஷா வருஷம் பங்குனி, சித்திரையில் இதே வேலை.

"பாவம்மா, விடேன்" என்றேன்.

"பாவம்தேன். அடை வச்சுப்பிட்டு குஞ்சு பொரிக்கிற நேரத்துல நாம எங்கத்தா இருப்போம்? சின்னம்மா வீட்டுக்குக் கோழியும் முட்டையுமா அவயத்தோட தூக்கிட்டுப் போறதா?"

கோழி மூலையில் நனைந்து உட்கார்ந்திருந்தது. அதன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 13. ஞாயிறு

பந்தல்குடி. பொன்னையா சார் வீட்டுத் தொழுவம். மாடுகளை வெளியே கட்டிவிட்டு நாங்கள் உள்ளே. சாணி வாசம், மோர், சிரிப்பு. என்ன ஒரு நாள்!

பொன்னையா சார் சொன்னது: "முப்பதாந்தேதி டெபுடி அருப்புக்கோட்டைக்கு வாராக. வழக்கம்போலப் பேரு கூப்பிட்டுச் சாவி வாங்குவாக. குடுக்காதீக. சாவி வாங்கினாத்தான நம்மள விலக்கினதா அவுக எழுத முடியும்? சாவி நம்ம மடியில இருந்தா நாம வேலையில இருக்கோம்."

எவ்வளவு எளிது! இத்தனை வருஷம் ஏன் ஒருத்தருக்கும் தோன்றவில்லை? எனக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. சங்கரலிங்கம் சார் மட்டும் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அதெல்லாம் சரிதேன்" என்றேன் நான். "அவுக உள்ள வந்ததும் எந்திரிச்சு வணக்கம் பாடிட்டம்னா, அப்புறம் குடுக்க மாட்டோம்னு சொல்ற வாயி ஏது?"

ஆகவே ஒத்திகை. வாத்தியார்கள் உட்காரப் பழகும் ஒத்திகை! டெ.இ. வேஷம் எனக்கு. ஓலைப்பெட்டியைத் தலையில் தொப்பியாகக் கவிழ்த்து, கக்கத்தில் குடை, கனைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். முதல் தடவை பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். நான்தான் வருகிறேன் என்று தெரிந்தும்! இரண்டாம் தடவை ஒருவருக்குப் பாதி எழுந்து அந்தரத்தில் நின்றதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. போகப் போகப் பழகிவிட்டது. சங்கரலிங்கம் சாரைத் தவிர. ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்தார்.

"நானா எந்திரிக்கலை தாயி, கால் எந்திரிக்குது" என்றார். கண் கலங்கியிருந்தது.

"அன்னைக்கு அவருக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு உக்காந்து வேட்டிய அமுக்கிக்கிடுங்க" என்றார் பொன்னையா சார். தொழுவமே சிரித்தது. நானும் சிரித்தேன். சங்கரலிங்கம் சார் சிரித்தாரா என்று கவனிக்கவில்லை.

ஏப்ரல் 17

பரீட்சை முடிந்தது. சாயங்காலங்களில் நடை. கூட்டத்துக்கு வராத வாத்தியார்களைப் பார்த்துப் பேசுவது, பெண்களிடம் என் பொறுப்பு, ஆண்களிடம் பொன்னையா சார் பொறுப்பு. பருத்தி எடுத்து முடிந்த காடு. காய்ந்த பருத்திமாரை விறகுக்குப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். செருப்பு வார் அறுந்தது. தைக்க வேண்டும்.

தலையாட்டியவர்கள் நிறைய. ஒரு டீச்சர் கதவுக்குப் பின்னால் நின்றே, "எங்க வீட்ல அவுகளக் கேட்டுச் சொல்றேன்" என்றாள். அவுக உள்ளே இருந்து, "குடுக்காதன்னு சொல்லு!" என்று கத்தினார். மூவரும் சிரித்தோம்.

பஸ்ஸில் கேட்டது:
"வாத்திமாருக்கும் சங்கமாம்ல?"
"ஏலே, அவுக ஸ்ட்ரைக்கு பண்ணா நம்ம பயலுக்கு என்ன நட்டம், ஆடு மேய்க்கப் போவான்."
"அந்தப் பொம்பளதாம்ல பேசிக்கிட்டுத் திரியிறது. மெல்லச் சொல்லு."

நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். உள்ளுக்குள் குஷி தாங்கவில்லை. என்னைப் பற்றிப் பஸ்ஸில் பேச்சு!

ஏப்ரல் 22

அனல் காற்று. பிள்ளைகளில் பாதி வரவில்லை.

டெ.இ. ஆபீஸ் பியூன் சைக்கிளில் வந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, யாரிடமோ சொல்வதுபோல, "முப்பதாந்தேதிக்கு முந்தியே சாவி குடுத்துட்டவுகளுக்கு ஜூன் மொதத் தேதியே ஆர்டராம் டீச்சரம்மா. டெபுடி சொன்னாக. நரிக்குடிப் பக்கந்தேன் இப்பப் போறேன்" என்றார்.

அம்மா அடுப்படியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெங்காயம் உரித்தாள்.

உண்மையை எழுதிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள். எனக்கு ஆசை வந்தது. கொஞ்சம் இல்லை, நிறைய. சைக்கிள் கண்ணுக்கு மறையும்வரை மடியில் சாவியைப் பிடித்தபடி நின்றேன். ஜூன் முதல் தேதி. சின்னம்மா முகம் பார்க்க வேண்டாம். கூப்பிட்டால் திரும்பி வந்துவிடுவார். கூப்பிடவில்லை. தைரியத்தால் இல்லை. யோசித்து முடிப்பதற்குள் சைக்கிள் போய்விட்டது.

நரிக்குடிப் பக்கம் என்றால் சங்கரலிங்கம் சார். மூன்று பெண்கள், பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். கொடுத்துவிடுவார். எனக்கே இப்படி என்றால் அவரை என்ன சொல்ல?

ஏப்ரல் 26

பள்ளிக்கூடம் பெருக்கி, கரும்பலகைக்குக் கரி பூசியாயிற்று. சாத்தும்போது வள்ளி கேட்டாள்: "அடுத்த வருஷமும் நீங்கதான டீச்சர்? போன தடவ லேட்டாத்தான வந்தீக. நாங்க பூட்டைப் பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பிப் போனோம்."

பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

பொன்னையா சாரிடமிருந்து ஆள் வந்தது. நரிக்குடி நிலவரம் தெரியவில்லையாம். சங்கரலிங்கம் சார் வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். சரிதான். போயிற்று. ஒரு சாவி கொடுத்தால் மற்றவை பின்னாலேயே போய்விடும்.

ஏப்ரல் 29

செருப்பு தைத்தாயிற்று. நீலச் சேலை துவைத்துக் காய்கிறது. அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டாள், ஒரு சட்டி, இரண்டு தட்டு மட்டும் வெளியே. கோழி மறுபடி அடைக்கு நிற்கிறது. அதற்கும் புத்தி வரவில்லை, எனக்கும் வரவில்லை.

தூக்கம் வரவில்லை. பயமா சந்தோஷமா, தெரியவில்லை.

ஏப்ரல் 30

எழுதக் கை ஓடவில்லை. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அதே பள்ளிக்கூடம், அதே பெஞ்சு. எல்லாரும் வந்துவிட்டார்கள். சங்கரலிங்கம் சாரும்! சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு. யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் சொன்னபடி இருவர் உட்கார்ந்து வேட்டியை அமுக்கிக்கொண்டார்கள். சாவி கொடுத்துவிட்டாரா என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

டெ.இ. வந்தார். பின்னால் பியூன், சாவி போட ஒரு தகரப்பெட்டி.

யாரும் எழவில்லை. என் முழங்கால் இரண்டையும் கையால் அமுக்கிப் பிடித்திருந்தேன். டெ.இ. வாசலிலேயே நின்றுவிட்டார். வணக்கம் வருவதற்காகக் காத்து நிற்கிறார். வணக்கம் வரவில்லை. அவருக்கு அடுத்து என்ன செய்வது என்றே தெரியவில்லை!

அப்போது சங்கரலிங்கம் சார் எழுந்தார்.

இரண்டு பக்கமும் வேட்டியை இழுத்தார்கள். வேட்டி அவிழ்ந்துவிடும்போல இருந்தது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் கும்பிட்டுக்கொண்டு எழுந்தே விட்டார். பொன்னையா சார் கண்ணை மூடிக்கொண்டார்.

டெ.இ. முகம் மலர்ந்தது. "வாங்க, சங்கரலிங்கம். நீங்க ஒருத்தராவது முறை தெரிஞ்சவரு. கொண்டாங்க சாவிய."

"வணக்கம் ஐயா" என்றார் சங்கரலிங்கம் சார். குரல் நடுங்கியது. "பியூன் வந்தாப்ல. வீட்ல இல்லைன்னு சொல்லச் சொல்லிட்டேன். சாவி எங்கிட்டத்தேன் இருக்கு. ஜூன்லயும் எங்கிட்டத்தேன் இருக்கும். எல்லாரு சாவியும் அப்படித்தேன் ஐயா. வேற ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். டெ.இ. உட்காரச் சொல்லவில்லை. அவராகவே உட்கார்ந்தார்!

பிறகு டெ.இ. ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட்டார். "தர முடியாதுங்க." "தர முடியாதுங்க." என் பேர் வந்தது. குரல் வரவில்லை என்றால் என்ன செய்வது என்று சாவியைக் கையில் தூக்கிக் காட்டினேன். குரலும் வந்தது. தேவைக்கு மேலேயே வந்தது, அடுத்த தெருவில் தறி நின்றிருக்கும்.

"மேல எழுதுறேன்" என்றார் டெ.இ.

"எழுதுங்கய்யா" என்றார் பொன்னையா சார். "போர்டு முடிவு சொல்ற வரைக்கும் நாங்க வேலையிலதான இருக்கோம்?"

டெ.இ. இல்லை என்று சொல்லவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். பியூன் காலித் தகரப்பெட்டியோடு பின்னால் போனார். படி இறங்கும்போது பெட்டி மூடி தானாகத் திறந்து திறந்து சத்தம் போட்டது.

நாங்கள் சங்கரலிங்கம் சாரைச் சூழ்ந்துகொண்டோம். "எந்திரிச்சது எந்திரிச்சுட்டேன்" என்றார் அவர். "சும்மா உக்கார வெக்கமாப் போச்சு, அதான் பேசிப்பிட்டேன்." பொன்னையா சார் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் மட்டும் என்ன, நானும்தான். அன்று தொழுவத்தில் சிரித்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நானுந்தான தாயி சிரிச்சேன்" என்றார்.

பஸ் இல்லை. திருச்சுழி வரைக்கும் பருத்தி வண்டியில், அப்புறம் நடை. பொழுது சாயும் நேரம் வீடு.

அம்மா வாசலிலேயே நின்றாள். போர்டு என்ன முடிவு சொல்லும், தெரியாது. மே மாதம் எப்படி ஓடும், தெரியாது. இதெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "சாவி?"

மடியிலிருந்து எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள். ஆணியில் மாட்டினாள்.

பிறகு போய்ச் சாக்கு மூட்டையை அவிழ்த்து, அடியிலிருந்து அகலச் சட்டியை எடுத்தாள். மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, பானையில் சேர்த்து வைத்திருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கில் காட்டிப் பார்த்து அடுக்கினாள். சிவப்புக் கோழியைத் தூக்கி மேலே உட்கார வைத்தாள்.