கற்பூரம் கொளுத்தேலாத மண்டபம்

அன்பான அம்மா,

நான் சுகம். உங்கட முழங்கால் நோ குறைஞ்சுதோ?

இங்க லாசாலில எங்கட தெருமுனையில இருந்த பழைய தொழிற்சாலை இப்ப சனசமூக மண்டபம். நூலகம், நீச்சல்குளம் எல்லாம் அதுக்குள்ளதான். அப்பாவின்ர முதல் வருச ஆட்டைத் திவசத்தை அங்க செய்தம். ஐயர் கற்பூரம் கொளுத்த அலாரம் அடிச்சிட்டுது! நீந்தின பிள்ளையள் துவாயோட பனிக்குள்ள ஓடிச்சினம். பாத்திருந்தால் சிரிச்சிருப்பீங்கள்.

பேந்து உள்ள விட்டவை, ஆனால் நெருப்பு கூடாதாம். நெருப்பில்லாமல் என்ன திவசம் எண்டு கத்திப் பாத்தன், ஆர் கேக்கினம்? பட்டரி விளக்கை வைச்சு முடிச்சம்.

அகதி வழக்கு முடியாததால செத்தவீட்டுக்கும் வரேலாமல் போச்சு. கொள்ளியும் தம்பிதான் வைச்சவன்.

வேலைக்கு நேரமாச்சு. அங்க என்ர பேரில ஒரு கற்பூரம் கொளுத்திவிடுங்கோ.

உங்கட மூத்தவன்,
கீர்த்திகன்