நீ எழுதாமல் விட்ட பக்கம்

இன்று காலை வயலின் பெட்டியைத் திறந்ததும் ரோசின் பிசின் வாசனை முகத்தில் அடித்தது. நேற்று வில்லுக்கு வழக்கத்தைவிட அதிகமாகத் தேய்த்திருக்கிறேன். நேற்றுதான் நம் ஊரான கருங்கல்லில், நாம் இருவரும் படித்த பள்ளிக்கூட அரங்கில், உன் கடைசி இசையை வாசித்தோம். நீ இல்லாமல்.

அந்த ஊருக்கு நீ என்றைக்குமே பிடிபடவில்லை. சர்ச்சில் கீபோர்டு வாசித்த நாட்களில், பாட்டு முடிந்த பிறகும் உன் விரல்கள் எங்கோ அலைந்துகொண்டிருக்கும். உட்காரவா நிற்கவா என்று தெரியாமல் சபையார் முழிப்பார்கள். பிறகு சென்னை, அங்கிருந்து ஜெர்மனி. பியானோவுக்கும் வயலினுக்கும் புதிதாக இசை எழுதவும், மேடையில் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கவும் ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். ஒரு பியானோவோடு நீ திரும்பி வந்தபோது உன் சித்தி கேட்டது இவ்வளவுதான்: "அப்போ சினிமாக்கு ஒண்ணும் போடலியா மக்கா?"

நீ சிரித்துச் சிரித்து இருமினாய். அந்த இருமல் அப்புறம் நிற்கவே இல்லை.

சிதறால் மலை ஏறி இறங்குவதைப் பற்றிய அந்த இசையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துத்தான் முடித்தாய். ஒரு பியானோ, நான்கு தந்தி வாத்தியங்கள். உச்சிக்கு வந்ததும் நாங்கள் நால்வரும் நிறுத்திவிட வேண்டும், பியானோ மட்டும் தனியே போகும். அந்தப் பக்கத்தில் ஒரு சுரம்கூட இல்லை. வெறும் கோடுகள்.

"இதையும் எழுதிரு. உன்னால வர முடியாமப் போச்சுன்னா?" என்றேன்.

"எழுதினா நான் வாசிக்கிற மாதிரியே வாசிப்பாங்க. அது எதுக்கு? அவங்களுக்குத் தோணுறத வாசிக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. அந்த ஒரு பக்கத்தோடு மொத்த இசையும் செத்துப்போகும் என்றே நினைத்தேன்.

சென்னையிலிருந்து வந்த பியானோக்காரர் ஒத்திகையில் அந்த இடத்தைத் தாண்டித் தாண்டியே போனார். "அன்னைக்குப் பாத்துக்கலாம் மேடம்" என்றார். உன் தம்பி என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா முன்னாடி தனியா வாசிச்ச ரெக்கார்டிங் ஒண்ணு இருக்கு. அந்த இடத்தில அதைப் போட்டுருவோமா?" என்று கேட்டான். சரி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

"வேண்டாம். அவ திட்டுவா."

நேற்று உச்சி வந்தது. நாங்கள் வில்லை இறக்கினோம். பியானோக்காரர் கீழ்ஸ்தாயியில் ஒரு சுரத்தைத் தொட்டார். அது அடங்கும்வரை காத்திருந்தார். மறுபடியும் அதையே தொட்டார். நீயாக இருந்தால் காற்றும் மழையுமாகக் கொட்டியிருப்பாய். அவருக்கு எந்த அவசரமும் இல்லை. சுரங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர, முன்வரிசையில் உன் சித்தி விசிறுவதை நிறுத்திவிட்டார். உன்னைப் போல அது கொஞ்சமும் இல்லை என்று புரிந்தபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது. உன்னைப் போல வாசித்திருந்தால் அங்கேயே உடைந்து அழுதிருப்பேன்.

முடிந்ததும் உன் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தான். "இது அக்கா இல்ல. ஆனா நல்லா இருக்கு, இல்லியா?"

நல்லா இருந்தது. யார் வாசித்தாலும் உன் இசைக்கு இனி ஒன்றும் ஆகாது.

உன்னிடமிருந்து என்னோடு இருப்பது ஒரு வார்த்தைதான். மேடை ஏறும்முன் நான் பயந்து நிற்கையில் என் தோளில் தட்டிச் சொல்வாயே, நேற்று என்னை அறியாமல் பியானோக்காரர் தோளில் தட்டி அதைச் சொன்னேன்: "பேடிக்காதீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "மலையாளமா மேடம்?"

"இல்ல, எங்க ஊருத் தமிழ்."