விடிந்ததைச் சொன்ன காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருக்கிறோம். அம்மாவின் வலது கண்ணுக்குச் சிகிச்சை முடிந்தது. இடது கண் போனபின் அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான் என்பது உனக்குத் தெரியும்.

கையில் மருந்து ஏற்ற ஆரம்பித்து, பதினைந்தாவது நிமிடம் கண்ணுக்குள் ஒளி பாய்ச்சினார்கள். முந்தினால் மருந்து கண்ணுக்குள் கசிகிற கெட்ட ரத்தக்குழாய்களில் சேர்ந்திருக்காதாம். பிந்தினால் அங்கிருந்து வெளியேறிவிடுமாம். டாக்டர் தன் கடிகாரத்தைப் பார்த்தார், நான் என்னுடையதைப் பார்த்தேன். என்னுடையது கொஞ்சம் முந்திக் காட்டியது. கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் முடித்துவிட்டார்.

தவறு வீட்டில் நடந்தது. மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை சில நாள் வெயில் படக்கூடாது என்றிருந்தார்கள். அம்மா தூங்கும்போது ஜன்னலெல்லாம் கறுப்புத்தாள் ஒட்டினேன், வாசலில் கம்பளி தொங்கவிட்டேன், பல்பையும் கழற்றிவிட்டேன். அவளிடம் சொல்ல மறந்தேன்.

மறுநாள் காலையில் காபியைத் தடவி வாங்கினாள். பிறகு மெதுவாக, "விடிஞ்சிடுச்சாங்க?" என்றாள்.

"எப்பவோ விடிஞ்சாச்சு. நல்ல வெயில்" என்றேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காபி ஆறிப்போனது. மதியம் சாப்பாடும் வேண்டாம் என்றாள். வலியா என்றால் இல்லை என்றாள். பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நர்ஸம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெயில்தான் ஆகாது தாத்தா. வீட்டு வெளிச்சம் நல்லது, மருந்து சீக்கிரம் போகும். அவங்களை ஏன் இருட்டுல வெச்சிருக்கீங்க?" என்றார்.

அப்போதுதான் அவள் கேட்டதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. இருட்டில் தடவித் தடவி பல்பை மாட்டினேன். விளக்கு எரிந்ததும் அம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"ஷேவ் பண்ணக்கூட ஆளில்லையா உங்களுக்கு?" என்றாள். அப்புறம்தான் அழுதாள். இந்தக் கண்ணும் போச்சு என்று நினைத்தாளாம். சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று சொல்லவில்லையாம்.

முகத்தின் ஓரங்கள் தெரிகின்றன, நடுவில் மட்டும் கலங்கலாக இருக்கிறது என்கிறாள். கசிவு நின்றதா என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். தொந்தரவு செய்வதாக நினைக்காதே. மூன்று மாதம் வரை காத்திருக்காமல் வர முடியுமா என்று பார். வந்தால் பகலில் வந்து சேருகிற மாதிரி வாம்மா.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா