அவ நிறுத்தின இடம்

மார்ச் 4

காலை 11.42. தெரியாத நம்பர். என் பொண்டாட்டி பேரைச் சொல்லி, "நீங்க அவங்க வீட்டுக்காரரா?" ஆமான்னேன். ரோடு தாண்டும்போது பஸ் மோதிடுச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர்றதுக்குள்ள போயிட்டாளாம்.

ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர் சர்வர் படுத்திருந்துச்சு. அதை எழுப்பி விட்டுட்டுத்தான் கிளம்பினேன். ஏன்? கை பாட்டுக்கு வேலை பார்த்துச்சு.

மார்ச் 9

சொந்தக்காரங்க போயாச்சு. மச்சினிச்சி மட்டும் இருக்கா. "ரெண்டு வாய் சாப்பிடுங்க மாமா." சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன்னு கேட்டா தெரியாது.

மார்ச் 21

அவ லேப்டாப்பைத் திறந்தேன். அவ சேர்ந்திருந்த ஆன்லைன் பாட்டுக் குழுவுல மெசேஜ் குவிஞ்சு கிடக்கு. முகம் தெரியாத ஆளுங்க. ஒருத்தர் மெட்டு முணுமுணுத்துப் போடுவாரு, வேற நாட்டுல ஒரு அம்மா வயலின் சேர்ப்பாங்க, இன்னொருத்தர் வரி எழுதுவாரு.

"ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம், ஊரு ஒண்ணு சேர்ந்தா உனக்கா?"ன்னு கிண்டல் பண்ணுவேன். "உங்க சர்வருக்குக் காது இருந்தா அதுகூட ரசிக்கும்"பா.

கடைசியா அவ போட்ட மெட்டு பாதியில நிக்குது. ஆளாளுக்கு ஒரு முடிவு போட்டுப் பார்த்திருக்காங்க. எதுவும் ஒட்டல. சாவுச் சேதி தெரிஞ்சு, குழுவோட டிரம்ஸ்காரர் எனக்குன்னு எழுதியிருந்தாரு: "மன்னிச்சுக்கோங்க தம்பி. வெட்டாத பதிவையும் போடறது எங்க வழக்கம். அந்தப் பொண்ணு வெட்டினதை மட்டும் போட்டிருக்கு. முழுசு கிடைக்குமா? மிச்ச மெட்டு அதுல இருக்கலாம்."

மார்ச் 22

கிடைச்சுது. அமுக்கிக் கேக்க முடியல — அவ குரலாச்சே. கேக்காமலே குழுவுல ஏத்திட்டேன்.

மார்ச் 23

வயலின்காரம்மா கூப்பிட்டாங்க. "நீங்க கேட்டீங்களாப்பா?" இல்லைன்னேன். போனை வெச்சுட்டாங்க.

அப்புறம்தான் கேட்டேன். முணுமுணுக்கிறா. மெட்டு மேல ஏறுது. இவ்வளவு நல்லா பாடுவாளா?

என் குரல்: "ஏய், சோறு ஆறுது."

"இருங்க, முடியப்போகுது."

"அப்புறம் பாடிக்கலாம் வா."

நாற்காலி நகர்ற சத்தம். அவ்வளவுதான்.

அப்புறமா? எந்த அப்புறம்டா?

உலகமே கேட்டு முடிச்சு, கடைசி ஆளா நான் கேட்டிருக்கேன்.

மார்ச் 24

அந்தப் பதிவை எடுத்துடுங்கன்னு குழுவுக்கு எழுதினேன். எடுத்துட்டாங்க. "ஆனா நிறைய பேர் இறக்கிட்டாங்க தம்பி. இனி இது யார் கையிலயும் இல்ல" — டிரம்ஸ்காரர்.

ஏப்ரல் 18

பாட்டு வந்துடுச்சு. மச்சினிச்சி போன்ல காட்டினா. முடிவுன்னு யாரும் எதையும் சேர்க்கல. மெட்டு ஏறி அப்படியே நிக்குது, என் குரல் வருது, டிரம்ஸ் விழுது. "அப்புறம் பாடிக்கலாம் வா" — அதுதான் பல்லவியாம். எந்தெந்த நாட்டுப் பிள்ளைங்களோ அர்த்தம் தெரியாம சிரிச்சுக்கிட்டே பாடுதுங்க.

"அழகா இருக்குல்ல மாமா?" கேட்டுட்டு அழறா.

அழகாத்தான் இருக்கு. அதான் தாங்கல.

ஏப்ரல் 27

கேன்டீன்ல ஒருத்தன் அந்தப் பாட்டை ரிங்டோனா வெச்சிருக்கான். எவனோ கூடவே பாடினான். மேசையே சிரிச்சுது. நானும் சிரிச்சேன்.

ஏப்ரல் 30

டிரம்ஸ்காரர் கூப்பிட்டாரு. "ஒண்ணே ஒண்ணு தம்பி. அந்த மிச்சத்தை வீட்ல எப்பவாவது பாடியிருக்குமா? சமைக்கும்போது, துணி காயப்போடும்போது... ஒரு துண்டு ஞாபகம் இருந்தாக்கூடப் போதும். நாங்க பிடிச்சிடுவோம்."

பாடியிருப்பா. பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன், காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு.

"தெரியலைங்க"ன்னேன்.

"பரவால்ல தம்பி. ஞாபகம் வந்தா எந்நேரம்னாலும் கூப்பிடுங்க."

போனை ஆஃப் பண்ணிட்டேன்.