சொந்தமாக ஒரு காதல் படம்

மாமா,

ரிமோட்டுக்கு நீங்கள் போட்ட பாலித்தீன் உறை இன்னும் கிழியவில்லை. தூசி போகக் கூடாதென்று இரண்டு பக்கமும் ரப்பர் பேண்டு சுற்றிவைத்தீர்களே, அதேதான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு இன்று மத்தியானம் திருடியைப் போல டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். இந்த வயதில் எனக்கு வந்த ஆசையை வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நமக்குக் கல்யாணம் ஆன புதிதில் பார்த்த அந்தக் காதல் படம் இப்போது டிவியில் விலைக்கு வந்திருக்கிறது.

நாம் பார்த்தோம் என்றா சொல்வது, வீடே அல்லவா கிளம்பியது! உங்கள் அம்மா, அக்கா, சித்தி என்று பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ் ஏறிக் கோயமுத்தூர் போய் இறங்கினோம். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதாவது! வரிசையின் அந்தக் கோடியில் நீங்கள், இந்தக் கோடியில் நான். இடைவேளையில் எனக்கென்று நீங்கள் வாங்கிய கடலைக்காய்ப் பொட்டலம் கைமாறிக் கைமாறி வந்தது. அத்தை ஒரு பிடி, உங்கள் அக்கா ஒரு பிடி. என்னிடம் வந்தபோது உள்ளே உப்புதான் இருந்தது. அதையும் விரலால் தொட்டுத் தின்றேன், போங்கள்.

ஊர் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "இன்னொருக்கா நாம ரெண்டு பேரு மட்டும் வந்து பாக்கோணும் அம்மணி" என்று காதோரம் சொன்னீர்கள். பாக்கோணும், பாக்கோணும் என்றே பட்டறை வந்தது, பையன் வந்தான், நமக்குத் தலையும் நரைத்தது.

வீட்டுக்கே டிவி வந்தும் என்ன பிரயோசனம்? அந்தப் படம் எப்போதாவது ஓடும். காதல் பாட்டு ஆரம்பித்ததும் "மோட்டர் போட்டுட்டு வாரேன்" என்று எழுந்துவிடுவீர்கள். முதலில் பையன் முன்னால் வெட்கம், பிறகு மருமகள் முன்னால் வெட்கம். நிறைந்த தொட்டிக்கு மேலும் மோட்டர் ஓடி, மொட்டைமாடியிலிருந்து வாசலில் தண்ணீர் கொட்டும். நான் ஓடிப்போய் நிறுத்துவேன். நீங்களோ புழக்கடையில் அதே பாட்டை முனகிக்கொண்டு நிற்பீர்கள். டிவியில் அந்தப் பாட்டை நாம் இருவருமே ஒருதரம்கூட முழுசாகப் பார்த்ததில்லை.

இன்று டிவி என்னை ஒரு கேள்வி கேட்டது. வாடகைக்கா, சொந்தமாகவா? வாடகை என்றால் இரண்டு நாளில் தடமில்லாமல் போய்விடும், யாருக்கும் தெரியாது. வாங்கினால் டிவியைப் போட்டதும் முதலில் அந்தப் படம்தான் நிற்கும், அவன் அவள் கையைப் பிடித்தபடி. அடுத்த வாரம் உங்களுக்கு வருசத் திதி. சொந்தபந்தமெல்லாம் வரும். 'புருசன் போயி வருசம் திரும்பல, இவளுக்குக் காதல் படம் கேக்குதாக்கும்' என்று சொல்ல மாட்டார்களா? டிவிக்கு நேர் மேலே மாலை போட்ட உங்கள் போட்டோ வேறு. எனக்கு உங்களை நிமிர்ந்து பார்க்கவே முகமில்லை.

போதாதற்கு, பணம் கட்டும் ரகசிய எண் மருமகளுக்குத்தான் தெரியும். அணைத்துவிடலாம் என்று பொத்தானைத் தடவுவதற்குள் சமையல்கட்டிலிருந்து அவளே வந்துவிட்டாள்.

"ஏனுங்க அத்தை, ஏதாச்சும் படம் வேணுமுங்களா?"

"எனக்கென்ன கண்ணு படம்? கை பட்டு அமுந்திப்போச்சு."

பச்சைப் பொய். காதெல்லாம் சுட்டது. அவள் டிவியைப் பார்த்தாள், மேலே உங்களைப் பார்த்தாள்.

"மாமா புழக்கடையில நின்னு பாடுவாங்களே, அந்தப் பாட்டு இருக்கற படந்தானுங்க இது?"

பாருங்கள், நீங்கள் ஒளிந்து பாடிய லட்சணம்! சமையல்கட்டு ஜன்னல் அந்தப் பக்கம்தானே இருக்கிறது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"வாடகைக்குப் போடட்டுங்களா, வாங்கியே போடட்டுங்களா?"

வாடகைக்கே போடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பட்டறைக்குச் சொந்தமாக ஷெட் போட்டபோது நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. "வாடகைச் சோலியே வேண்டாம். இருந்தா நம்முளுதா இருக்கோணும்."

"வாங்கியே போடு கண்ணு" என்றேன். முந்தானையை முறுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவளும் அவரைக்காயும் முறமுமாக என்னோடு உட்கார்ந்தாள். அந்தப் பாட்டின் முதல் இசை வந்தது. அவள் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள்.

"மோட்டர் போட்டுட்டு வாரேனுங்க அத்தை."

தொட்டி காலையிலேயே நிறைந்தது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெட்கம் விட்டுப்போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன் மாமா. திதிக்கு வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று இப்போதும் நினைக்கத்தான் செய்கிறேன். ஆனாலும் நிமிர்ந்து உங்களை ஒரு பார்வை, பாட்டை ஒரு பார்வை என்று பார்த்தேன். பாதிப் பாட்டில் வாசலில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பழக்கத்தில் எழப் போனேன். கொட்டட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.