மூன்றாம் நாள் இறக்கம்

சனிக்கிழமை, ஓர்ஸ் ஹில்.

நாட்குறிப்பே, யுத்தகால இருட்டடிப்பில் இந்நேரம் வரை விளக்கு எரிப்பதற்கு மன்னிக்க வேண்டும். பிள்ளை இப்போதுதான் நித்திரையானாள்.

மூன்று நாள் சைக்கிள் ஓட்டத்தில் இன்றும் துறைமுகப் பட்டறை அணியே முதலில் வந்தது. பார்க்க நின்ற சனம் பாதியில் கலைந்தது. "முடிவு தெரிஞ்ச ஓட்டத்தை என்னெண்டு பார்க்கிறது?" என்று பக்கத்து வீட்டு மரியக்கா கொட்டாவி விட்டார். எனக்கு அந்தச் சலிப்பே போதும். ஊர் அணியில் ஓடும் என் கணவர் முழுதாய் வீடு வந்தார்.

அவருக்குத்தான் பொறுக்கவில்லை. "நாளைக்கு மலை இறக்கத்தில அவங்களை முந்திக் காட்டுறன், பாருமப்பா."

அவருடைய பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. யுத்தத்தால் புதியது பட்டறைக்காரருக்கு மட்டுமே கிடைக்கிறது. அதைச் சொன்னேன். "பிரேக் பிடிக்கிறவன் வெல்ல ஏலாது" என்று சிரித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

இஞ்சாருங்கோ, இந்த நாட்குறிப்புப் பக்கத்தைத் திறந்தபடி உங்கள் சைக்கிள் சீற்றில் வைக்கிறேன். இறக்கத்தில பிரேக் பிடிப்பீங்களா? ஓடப் போக முன்னம் பதில் சொல்லுங்கோ.