மிச்சமான இரண்டு பேர்

கதிர்காமம், புதுச்சேரி
8.6.2003

அன்புள்ள மாமாவுக்கு அமுதவல்லி எழுதுவது.

அத்தைக்கு முட்டிவலி இப்போது தேவலாம். நானும் உங்கள் தங்கை சரிதாவும் ஒன்றாகத்தான் கம்பெனிக்குப் போய்வருகிறோம். மஸ்கட்டில் ஊருக்கெல்லாம் ஏ.சி. மாட்டுகிற உங்களுக்குப் படுக்கிற இடத்தில் ஏ.சி. ஓடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கேட்ட அன்றைக்கு அத்தை ஃபேன் போட விடவில்லை.

போனில் சொல்லி முடியாத சேதி ஒன்று. எங்கள் சுவிட்ச் கம்பெனிக்கு ஜானகிராமன் என்று புது மேனேஜர் வந்திருக்கிறார். வேலையைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுலபமாக்கிக்கொண்டே போக வேண்டுமாம். ஜப்பானில் அதற்குக் கைசன் என்று பேர். பேக்கிங் பகுதியில் மஞ்சள் பலகை ஒன்று மாட்டியிருக்கிறார். யாருக்கு என்ன யோசனை தோன்றினாலும் அட்டையில் எழுதி அதில் குத்தலாம். இதற்கென்று அமைத்த குழுவுக்கு என்னை லீடர் ஆக்கிவிட்டார். பத்தாவதோடு நின்றவளை, மாமா.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் மேசைகள் நகர்கின்றன. வீட்டிலும் சும்மா இருக்க முடியாமல் அடுப்பங்கரையை மாற்றி அடுக்கினேன். "உப்பு எங்கடி வச்ச? எம் வூட்லயே நான் வழி கேக்கணுமா?" என்று அத்தை சத்தம் போட்டார். சரிதாவுக்கு ஒரே சிரிப்பு.

உங்கள்
அமுதா

மஸ்கட்
27.6.2003

அன்பு அமுதாவுக்கு,

உன் கடிதத்தைக் கேம்ப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "எம் பொண்டாட்டி லீடரு" என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு ஒரு நிலையில் இல்லை.

இங்கேயும் ஒரு சூப்பர்வைசர் வந்தார். எப்படிச் செய்தால் சீக்கிரம் முடியும் என்று தோளில் கைபோட்டுக் கேட்டார். நாங்களும் தெரிந்ததையெல்லாம் சொன்னோம். நாலு பேர் வேலைக்கு மூன்று பேர் போதும் என்று ஆயிற்று. எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த கொல்லத்துக்காரரை விமானம் ஏற்றிவிட்டார்கள்.

மேனேஜரிடம் ஒன்று மட்டும் கேள். வேலை மிச்சமானால் ஆளை என்ன செய்வீர்கள் என்று. தனியாகக் கேட்காதே, எல்லோர் முன்னாலும் கேள்.

அன்புடன்
ராஜவேல்

கதிர்காமம்
3.8.2003

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "வேலைதாம்மா குறையும், ஆளு ஒருத்தரும் குறைய மாட்டாங்க" என்றார் மேனேஜர். எல்லோரும் கைதட்டினோம்.

டெஸ்டிங் மேசை ஒரு கோடியிலும் பேக்கிங் மறு கோடியிலும் இருந்தன. நடுவில் பெட்டி தூக்குவதுதான் சரிதாவுக்கும் வீராயி அக்காவுக்கும் வேலை. இரண்டு மேசையையும் ஒட்டிப் போடலாம் என்று நான் அட்டை எழுதினேன். போன ஞாயிற்றுக்கிழமை போய் நாங்களே நகர்த்தினோம். சரிதாவும் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினாள். மறுநாள் சுவிட்சுகள் கைக்குக் கை மாறி வந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் மேனேஜர் பலகையில் "இரண்டு பேர் மிச்சம்" என்று எழுதினார். மிச்சமான இருவரும் இப்போது தரையில் கோடு அடிக்கிறார்கள். சரிதா வந்ததும் கையிலிருக்கிற பெயின்ட்டை மண்ணெண்ணெயில் தேய்த்துக் கழுவிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். என்னடி என்றால், "ஒண்ணுமில்ல அண்ணி."

எனக்கு உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை.

அமுதா

மஸ்கட்
5.9.2003

அமுதவல்லிக்கு,

இன்று தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போன் செய்தபோது சரிதாதான் வந்து பேசினாள். கான்ட்ராக்ட் முடிந்தது, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாமே. இதை நீ எழுதாமல் அவள் அழுதுகொண்டே சொல்லி நான் கேட்க வேண்டுமா? கம்பெனியில் வேலை பார்க்கிற பெண் என்றுதான் வில்லியனூர் மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பேசிவைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அம்மா என்ன பதில் சொல்வாள்?

அவள் வேலையைத் தின்றது உன் யோசனை. அவளைத் திரும்பச் சேர்க்கச் சொல். இல்லையென்றால் நீயும் நின்றுவிடு. அதன் பிறகு எனக்கு எழுது.

ராஜவேல்

கதிர்காமம்
5.10.2003

மாமாவுக்கு,

அவர்களை நிறுத்திய அன்றைக்கே மேனேஜரிடம் போய் நின்றேன். "நான் சொன்னது பர்மனென்ட் ஆளுங்களுக்கும்மா. இவங்க கான்ட்ராக்டர் ஆளுங்க" என்றார். கைதட்டியபோது எங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

குழுவில் சொன்னேன். யாரும் அட்டை எழுத வேண்டாம் என்று முடிவாயிற்று. தலைமை ஆபீஸிலிருந்து பெரியவர்கள் பார்க்க வந்தபோது பலகை காலியாக இருந்தது.

"ஏம்மா, ஒரு யோசனைகூடவா தோணல?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

"தோணுது சார். தூங்க வுடாம தோணுது. எழுதினா யாரு வூட்ல அடுப்பு அணையும்னு தெரியல. அதான் எழுதல."

மேனேஜர் முகம் கறுத்துவிட்டது.

பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போன பிறகு, புது லைனில் போட்டு இரண்டு பேரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நான் இனி லீடர் இல்லை. லேபிள் ஒட்டுகிறேன். எந்த மேசை இடம் மாறி நிற்கிறது என்று கண் இன்னமும் பார்க்கிறது. வாய் திறப்பதில்லை.

நின்றுவிடு என்று எழுதினீர்கள். நிற்க மாட்டேன், மாமா. கேட்டதும் பேசியதும் இந்த வேலைக்குப் போனதால் வந்த தைரியம். எப்படி நடந்தது என்று ஒரு வார்த்தை நீங்கள் என்னைக் கேட்டிருக்கலாம்.

அமுதவல்லி

கதிர்காமம்
16.11.2003

மாமாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தீபாவளியன்று பூத்துக்குப் போன் செய்து அத்தையோடு பேசினீர்கள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். கூப்பிடுவார், கூப்பிடுவார் என்று பார்த்தேன். அத்தை ரிசீவரை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் செருப்பு மாட்டினார்.

நேற்று சரிதா பேருக்கு உங்கள் கடிதம் வந்தது. குழாயடியில் நின்றே படித்தாள். நான் துணி பிழிகிற மாதிரி பக்கத்தில் நின்றேன்.

"அண்ணன் ஒன்ன ரொம்ப விசாரிச்சிருக்கு அண்ணி. ஒடம்ப பாத்துக்க சொல்லி எழுதியிருக்கு" என்றாள். சொல்லிக்கொண்டே கடிதத்தைச் சின்னதாக மடித்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

அவளுக்குப் பொய் சொல்ல வராது. நானும் சிரித்து, சரி என்றேன்.

வேலை போனது அவளுக்கு. எனக்காகப் பொய் சொன்னதும் அவள்தான்.

இனிமேல் எழுதினால் எனக்கும் இரண்டு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள். அந்தப் பிள்ளை இன்னொரு பொய் சொல்லும்படி வைத்துவிடாதீர்கள்.

அமுதவல்லி